புது லேப்டாப், பழைய லினக்ஸ், 'டம்மி அவுட்புட்': சத்தம் எங்க போச்சு?

கேள்வி இதுதான்: 12-வது தலைமுறை இன்டெல் பிராசஸர் இருக்குற புது லேப்டாப் வாங்கியாச்சு, ரொம்ப நாளா பழகின உபுண்டு 20.04-தான் வேணும்னு பழைய பென்டிரைவ்ல இருந்து அதையே இன்ஸ்டால் பண்ணியாச்சு, இப்ப சத்தமே வரல, சவுண்ட் செட்டிங்ஸ்ல போய்ப் பாத்தா 'டம்மி அவுட்புட்'னு மட்டும் இருக்கு, பல்ஸ்ஆடியோவை ரெண்டு தடவை தூக்கிட்டு திரும்பப் போட்டும் ஒண்ணும் ஆகல, ரியல்டெக் ஆடியோ டிரைவரை லினக்ஸுக்கு எங்க டவுன்லோட் பண்றது?

போற போக்குல இன்னும் ரெண்டு விஷயம் சொல்லிருக்கீங்க. வைஃபையும் வரல அதனால போன்ல இருந்து கேபிள் போட்டு நெட் எடுக்கிறேன்னும், பிரைட்னஸ் கீ அமுக்கினா வெளிச்சம் மாறவே இல்லைன்னும். நீங்க அதைத் தனித்தனி தொல்லைன்னு நெனச்சு எழுதிருக்கீங்க, ஆனா எனக்கு அதுதான் முக்கியமான துப்பு. சத்தம், வைஃபை, டிஸ்பிளே மூணும் ஒரே நேரத்துல படுத்திருக்குன்னா மூணுக்கும் தனித்தனி டிரைவர் காணாமப் போகல, மூணுக்கும் பொதுவா ஒண்ணு பழசா இருக்கு, அதுதான் கர்னல், அதாவது ஹார்டுவேரோட நேரடியா பேசுற லினக்ஸோட மையப் பகுதி.

முதல்ல டவுன்லோட் விஷயத்தை முடிச்சுடறேன். விண்டோஸ்ல லேப்டாப் கம்பெனி தளத்துக்குப் போய் ஆடியோ டிரைவர்னு ஒரு ஃபைலை இறக்கி டபுள் கிளிக் பண்ணிப் பழகினவங்க எல்லாருக்கும் இந்த எண்ணம் வரும், தப்பில்ல. லினக்ஸ்ல ஆடியோ டிரைவர் கர்னல் கூடவே வரும். அதனால உங்க கர்னலோட வயசுதான் உங்க டிரைவரோட வயசு. உபுண்டு 20.04 முதல்ல வந்தப்ப இருந்த கர்னல் 5.4, அது 2019 நவம்பர்ல வெளியானது. உங்க 12-வது தலைமுறை லேப்டாப் எல்லாம் மார்க்கெட்டுக்கு வந்ததே 2022-ல. ரெண்டு வருஷத்துக்கு மேல கழிச்சு வரப்போற சிப்போட நம்பர் 2019-ல எழுதின டிரைவர் லிஸ்ட்ல எப்படி இருக்கும்? இணையத்துல எங்கயோ கெடைக்கிற ரியல்டெக் டார் ஃபைலை இறக்கி கம்பைல் பண்ணிப் பாக்கலாமான்னு தோணும், தயவுசெஞ்சு வேண்டாம், அது ஏற்கெனவே இருக்கிற ஆல்சா மாட்யூல்களையும், அதாவது கர்னலோட சவுண்ட் டிரைவர்களையும், கெடுத்து வெச்சிட்டுப் போயிடும், அப்புறம் எது ஒரிஜினல் பிரச்சனை எது நீங்களா வரவழைச்ச பிரச்சனைன்னே தெரியாது.

இன்னொண்ணு, பல்ஸ்ஆடியோங்கிறது ஆப்ஸ்ல இருந்து வர்ற சத்தத்தை வாங்கி டிரைவர்கிட்ட கொடுக்குற மேல் அடுக்கு, அதை ரீஇன்ஸ்டால் பண்றதுல எந்தப் பிரயோஜனமும் இல்ல. 'டம்மி அவுட்புட்'ங்கிறது பல்ஸ்ஆடியோ கெட்டுப்போச்சுங்கிறதுக்கு அடையாளம் இல்ல, அது நல்லாத்தான் இருக்கு, கீழ இருந்து ஒரு கார்டும் வரலன்னா ஆப்ஸ் எல்லாம் கவுந்துடக் கூடாதேன்னு சும்மா ஒரு பொய் அவுட்புட்டை அதுவே வெச்சுக்கும். தண்ணி வரலன்னா குழாயை மாத்திட்டே இருக்கோம், மேல டேங்க்குக்கே தண்ணி ஏறல, அந்தக் கதைதான்.

சரி, ஏன் திடீர்னு புது லேப்டாப்ல மட்டும் இவ்ளோ தொல்லை, முன்னாடி எல்லாம் எந்த லேப்டாப்ல போட்டாலும் சத்தம் வந்துச்சேன்னு நிறைய பேர் கேக்குறாங்க. நியாயமான கேள்வி. 2004-ல இன்டெல் ஹை டெஃபனிஷன் ஆடியோன்னு ஒரு ஸ்டாண்டர்ட் கொண்டு வந்தாங்க, சுருக்கமா ஹெச்டிஏ. போர்டுல ஒரு கன்ட்ரோலர், அதுல தொங்குற ஒரு கோடெக் சிப் (டிஜிட்டல் டேட்டாவை நிஜ சத்தமா மாத்துறது), அந்தக் கோடெக்ல இருந்து ஸ்பீக்கர், ஹெட்போன், மைக் எல்லாத்துக்கும் ஒயர் போகும், அவ்ளோதான். லினக்ஸ்ல எஸ்என்டி-ஹெச்டிஏ-இன்டெல்னு ஒரே டிரைவர், பத்து வருஷத்துக்கு மேல பெரும்பாலான லேப்டாப்புக்கு அது ஒண்ணே போதுமா இருந்துச்சு. ரியல்டெக் கோடெக் மாடல் மாறினாலும் அடிப்படை ஒண்ணுதான், அதனால பழைய கர்னல் கூட சமாளிச்சிரும்.

அப்புறம் மூடி மேல கேமராவுக்குப் பக்கத்துல டிஜிட்டல் மைக் வைக்க ஆரம்பிச்சாங்க. இந்த மைக்ல இருந்து வர்ற ஒயர் பல லேப்டாப்ல கோடெக்குக்குப் போகாது, நேரா இன்டெல் சிப்புக்குள்ளயே இருக்குற ஆடியோ டிஎஸ்பிக்குப் போகும். டிஎஸ்பின்னா அது ஒரு குட்டி பிராசஸர், அதுக்கு ஓட ஒரு ஃபர்ம்வேர், அதாவது அந்த சிப்புக்குள்ள ஏத்துற தனி மென்பொருள், வேணும். பழைய எஸ்என்டி-ஹெச்டிஏ-இன்டெலுக்கு அந்த டிஎஸ்பியோட பேசவே தெரியாது. அதுக்காக 2018-ல சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க, எல்லாரும் எஸ்ஓஎஃப்னு சொல்வோம். கர்னல்ல அதுக்கான கோடு 2019-ல இருந்துதான் உள்ள வர ஆரம்பிச்சது. 5.4-ல இருக்கு, ஆனா அப்ப இருந்த சிப்புகளுக்குத்தான்.

ஆக இப்ப சத்தம் வரணும்னா மூணு பொருள் ஒண்ணா இருக்கணும். உங்க சிப்பைத் தெரிஞ்ச கர்னல், அந்த டிஎஸ்பிக்கான ஃபர்ம்வேர் ஃபைல், அப்புறம் எந்த போர்ட் ஸ்பீக்கர் எது மைக்னு சொல்ற ஆல்சா யூசிஎம் கான்ஃபிக். மூணுல எது இல்லைனாலும் மேல பாத்தா அதே 'டம்மி அவுட்புட்' இல்லைனா அதே மௌனம், அதனாலதான் ஒரே மாதிரி அறிகுறிக்கு பத்து பேர் பத்து வைத்தியம் சொல்றாங்க, அவங்கவங்களுக்கு எது அறுந்திருந்ததோ அதைச் சரி பண்ணினது அவங்களுக்கு வேலை செஞ்சிருக்கும்.

எதை நோண்டுறதுக்கும் முன்னாடி ஒரு பரிசோதனை பண்ணிடுங்க, அரை மணி நேரம் ஆகும், பல நாள் அலைச்சல் மிச்சம். இப்ப வந்த புது உபுண்டுவோ ஃபெடோராவோ எதையாவது பென்டிரைவ்ல போட்டு, இன்ஸ்டால் பண்ணாம லைவா பூட் பண்ணுங்க. அதுல சத்தம் வந்துச்சுன்னா ஹார்டுவேர் நல்லா இருக்கு, லினக்ஸுக்கும் இந்த லேப்டாப் தெரியும், உங்க டிஸ்ட்ரோதான் (நீங்க போட்ட லினக்ஸ் வெளியீடு) பழசுன்னு முடிவாயிடும். அதுலயும் வரலைன்னா அது வேற கதை, அதுக்கு கடைசியில வரேன்.

இப்ப எங்க அறுந்திருக்குன்னு பாக்கலாம். கமாண்டு பேரை எல்லாம் உச்சரிப்புப்படி தமிழ்லயே எழுதுறேன், டெர்மினல்ல அடிக்கும்போது வழக்கம்போல அடிச்சுக்குங்க.

முதல் கமாண்டு எல்எஸ்பிசிஐ, கூட மைனஸ் என்என்கே. நீளமா வரும், அதுல ஆடியோன்னு வர்ற இடத்தை மட்டும் பாருங்க. இன்டெல் லேப்டாப்ல பெரும்பாலும் 00:1எஃப்.3-ங்கிற முகவரியில இருக்கும். வரியோட ஆரம்பத்துல 'ஆடியோ டிவைஸ்'னு இருக்கா இல்ல 'மல்டிமீடியா ஆடியோ கன்ட்ரோலர்'னு இருக்கான்னு கவனிங்க, ரெண்டாவது மாதிரி இருந்தா, அதாவது கிளாஸ் நம்பர் 0401-னு வந்தா, பயாஸ் டிஎஸ்பியை ஆன் பண்ணி வெச்சிருக்குன்னு அர்த்தம், உங்களுக்கு எஸ்ஓஎஃப் தேவைப்படும். 0403-னு வந்தா பழைய ஹெச்டிஏ வழியாவும் இருக்கலாம், டிஎஸ்பியும் இருக்கலாம், அதை வெச்சு மட்டும் முடிவு கட்டாதீங்க. அதே வரியில சதுர அடைப்புக்குறிக்குள்ள 8086-னு ஆரம்பிச்சு இன்னொரு நம்பர் வரும். 8086 இன்டெலோட அடையாளம், அடுத்தது சிப்போட அடையாளம், 11-வது தலைமுறை லேப்டாப்ல அடிக்கடி வர்றது ஏ0சி8, 12-வதுல 51சி8, கோர் அல்ட்ரா முதல் வரிசையில 7இ28.

அதுக்குக் கீழ ரெண்டு வரி இருக்கணும், 'கர்னல் டிரைவர் இன் யூஸ்'னு ஒண்ணு, 'கர்னல் மாட்யூல்ஸ்'னு ஒண்ணு. இதுதான் இந்த முழு வேலையிலயும் எனக்குப் பிடிச்ச இடம், ஏன்னா இங்கயே பாதி தெரிஞ்சுடும். ரெண்டு வரியுமே இல்லைன்னா கர்னலுக்கு இந்த சிப் யாருன்னே தெரியல, கதவைத் தட்டினவனை யாரும் திறந்து பாக்கல, கர்னலை மாத்துறதைத் தவிர வழி இல்ல. உங்க நிலைமை இதாத்தான் இருக்கும்னு நெனைக்கிறேன். மாட்யூல்ஸ் வரி இருக்கு, ஆனா இன் யூஸ் வரி இல்லைன்னா டிரைவர் வந்து முயற்சி பண்ணி விழுந்திருக்கு, ஏன்னு கர்னலோட லாக்கைக் காட்டுற டிமெஸ்ஜி கமாண்டு சொல்லும். ரெண்டும் இருந்தும் சத்தம் இல்லைன்னா பிரச்சனை இன்னும் மேல இருக்கு, மிக்ஸர், ஆம்ப்ளிஃபையர், ப்ரொஃபைல் அந்தப் பக்கம்.

இதுல உபுண்டுக்காரங்களுக்கு மட்டும் ஒரு குழி இருக்கு. அவங்க கர்னலை பல பேக்கேஜா பிரிச்சு வெச்சிருக்காங்க, சவுண்ட் டிரைவர் எல்லாம் லினக்ஸ்-மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ராங்கிற பேக்கேஜ்ல போயிடும். யாராவது கர்னலை மட்டும் கையால இறக்கி இன்ஸ்டால் பண்ணி எக்ஸ்ட்ராவை விட்டுட்டா, கர்னல் புதுசு, சிப் தெரிஞ்ச சிப், ஆனாலும் எந்த டிரைவரும் ஏறாது. யூநேம் மைனஸ் ஆர் அடிச்சு ஓடுற கர்னலோட முழு வெர்ஷனைப் பாத்து, அதே வெர்ஷனுக்கு மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா இருக்கான்னு பாத்துக்குங்க.

அடுத்தது டிமெஸ்ஜி. சூடோ போட்டு ஓட்டி, எஸ்என்டி, எஸ்ஓஎஃப், ஹெச்டிஏ இந்த மூணு வார்த்தை வர்ற வரிகளை மட்டும் க்ரெப் கமாண்டால தேடி எடுங்க. நல்லபடியா போனா எஸ்என்டி-ஹெச்டிஏ-இன்டெல் முதல்ல எட்டிப் பாத்து, டிஎஸ்பி இருக்கு, டிஜிட்டல் மைக் இருக்கு, அதனால எஸ்ஓஎஃப் டிரைவர் பாத்துக்கட்டும்னு ஒரு வரி எழுதிட்டு ஒதுங்கிடும். இந்த வரியைப் பாத்து 'ஐயோ எரர்'னு பயப்படறவங்க உண்டு, அது எரர் இல்ல, கை மாத்தி விடறது. அதுக்கப்புறம் எஸ்ஓஎஃப் என்ன சொல்லுதுங்கிறதுதான் முக்கியம். அதிகமா பாக்குற ஒண்ணு, இன்டெல்/எஸ்ஓஎஃப் ஃபோல்டர்ல இருக்க வேண்டிய எஸ்ஓஎஃப்-டிஜிஎல்.ஆர்ஐ-ங்கிற ஃபைலை லோட் பண்ண முடியல, எரர் மைனஸ் 2. இந்த மைனஸ் 2-க்கு அர்த்தம் ஃபைலே இல்லைங்கிறதுதான், வேற ஒண்ணும் இல்ல. டிரைவர் சரியா இருக்கு, ஃபர்ம்வேர் பேக்கேஜ் இன்ஸ்டால் ஆகல.

இதுல நானே ஒரு தடவை நல்லா மூக்குடைஞ்சிருக்கேன். கூட வேலை பாக்குறவரோட 11-வது தலைமுறை லேப்டாப்ல டெபியன் 11, கர்னல் 5.10, இதே மைனஸ் 2. அந்த நேரம் நெட் ஒழுங்கா இல்ல, சரி பக்கத்து மெஷின்ல புது டிஸ்ட்ரோ ஓடுதே, ஃபர்ம்வேர் ஃபைல்தானே, அங்க இருந்து காப்பி பண்ணிடலாம்னு லிப்/ஃபர்ம்வேர்/இன்டெல் ஃபோல்டரை அப்படியே பென்டிரைவ்ல எடுத்துட்டு வந்து போட்டேன். ரீபூட். அதே மைனஸ் 2. பர்மிஷன் பாத்தேன், ஃபோல்டர் பேரைப் பாத்தேன், எழுத்துப் பிழையான்னு பாத்தேன், இனிட்ராம்ஃப்எஸ்ஸைத் திரும்ப உருவாக்கினேன், ரெண்டு மணி நேரம் போச்சு, ஃபைல் கண்ணு முன்னாடி இருக்கு, கர்னல் இல்லைங்குது. கடைசில எல்எஸ் அடிச்சுப் பொறுமையா படிச்சப்பதான் தெரிஞ்சது, ஃபைல் பேரு ஆர்ஐ-ன்னு முடியல, ஆர்ஐ-க்கு அப்புறம் ஒரு புள்ளி வெச்சு இசட்எஸ்டின்னு முடியுது. புது டிஸ்ட்ரோ எல்லாம் ஃபர்ம்வேரை சுருக்கி வெச்சிருக்காங்க, இசட்ஸ்டாண்டர்ட்ல சுருக்கினதைப் படிக்கிற திறமை கர்னலுக்கு 5.19-லதான் வந்தது, எக்ஸ்இசட் சுருக்கம் 5.3-ல இருந்து. 5.10-க்கு அந்த ஃபைல் இருந்தும் இல்லாத மாதிரிதான். அன்சிப் மாதிரி அன்இசட்எஸ்டிடி கமாண்டைப் போட்டு விரிச்சு வெச்சேன், அடுத்த பூட்ல லாகின் சத்தம் வந்துச்சு, அவரு என்னமோ நான் பெரிய வித்தைக்காரன் மாதிரி பாத்தாரு, நான் ஒண்ணும் சொல்லல.

ஃபர்ம்வேர் பேக்கேஜோட பேரு ஒவ்வொரு இடத்துலயும் ஒவ்வொண்ணு. டெபியன்ல ஃபர்ம்வேர்-எஸ்ஓஎஃப்-சைன்ட், ஃபெடோராவுல ஆல்சா-எஸ்ஓஎஃப்-ஃபர்ம்வேர், ஆர்ச்ல எஸ்ஓஎஃப்-ஃபர்ம்வேர். டெபியன் 11 வரைக்கும் இது நான்-ஃப்ரீங்கிற தனி ரெப்போவுல (பேக்கேஜ் கிடங்குல) இருக்கும், சோர்ஸ் லிஸ்ட்ல அதைச் சேர்க்கலைன்னா தேடினாலும் கெடைக்காது. டெபியன் 12-ல இருந்து நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்னு தனிப் பிரிவு வெச்சு, இன்ஸ்டாலர்லயே ஃபர்ம்வேரைச் சேர்த்துட்டாங்க, இந்தத் தொல்லை பெருமளவு குறைஞ்சிருச்சு. ஆனா பேக்கேஜ் இன்ஸ்டால் ஆகிருச்சுங்கிறதும் உங்க சிப்புக்கான ஃபைல் அதுல இருக்குங்கிறதும் ஒண்ணு இல்ல. டெபியன் 12 2023 ஜூன்ல 6.1 கர்னலோட வந்தது, முதல் கோர் அல்ட்ரா வந்தது 2023 டிசம்பர்ல, அந்த சிப்புகளுக்கு எஸ்ஓஎஃப் ஃபைல்களே வேற ஃபோல்டர்ல, ஐபிசி4-ன்னு வேற வகையில வருது. அங்க பேக்போர்ட்ஸ்ல இருந்து (பழைய டெபியனுக்குப் புது பேக்கேஜ் தர்ற கிடங்கு) கர்னல், ஃபர்ம்வேர் ரெண்டையும் சேர்த்து எடுக்கணும், ஒண்ணை மட்டும் எடுத்தா அரைக் கிணறு தாண்டின மாதிரிதான்.

உடனே சத்தம் வேணும், மீட்டிங் இருக்கு, அப்டேட் எல்லாம் அப்புறம்னு இருந்தா ஒரு குறுக்கு வழி உண்டு, ஆனா கர்னலுக்கு சிப் தெரிஞ்சிருந்தாத்தான். ஈடிசி/மாட்ப்ரோப்.டி ஃபோல்டர்ல கான்ஃப்னு முடியிற ஒரு ஃபைல் உருவாக்கி, ஆப்ஷன்ஸ் எஸ்என்டி-இன்டெல்-டிஎஸ்பிசிஎஃப்ஜி, அதுக்குப் பக்கத்துல டிஎஸ்பி அண்டர்ஸ்கோர் டிரைவர் ஈக்வல் 1-னு ஒரு வரி எழுதி ரீபூட் பண்ணுங்க. 1-ன்னா டிஎஸ்பியை விட்டுட்டு பழைய ஹெச்டிஏ வழியா போ, 3-ன்னா எஸ்ஓஎஃப் வழியாத்தான் போகணும், 0-ன்னா நீயே முடிவு பண்ணிக்கோ. 1 போட்டா ஸ்பீக்கரும் ஹெட்போனும் பல லேப்டாப்ல வந்துடும், ஆனா உள்ள இருக்குற மைக் போயிடும், ஏன்னா அது டிஎஸ்பியிலதான் தொங்குது. இதை நிரந்தர வைத்தியமா வெச்சுக்கிட்டு ஆறு மாசம் கழிச்சு 'மைக் வரமாட்டேங்குது'ன்னு புதுசா கேள்வி கேக்குறவங்களை நிறைய பாத்திருக்கேன், அந்த வரியை எழுதினதே மறந்திருப்பாங்க. சில லேப்டாப்ல கோடெக்கே சவுண்ட்ஒயர்ங்கிற வேற பஸ்ல இருக்கும், அங்க இந்த 1 எதுக்கும் உதவாது. எதுவும் வேலை செய்யலைன்னா யூஎஸ்பி ஹெட்செட் சொருகுங்க, சாதாரண யூஎஸ்பி ஆடியோவுக்கு இந்தக் கதை எதுவும் கிடையாது, 5.4-லயும் ஓடும்.

டிரைவர் ஏறிடுச்சு, ஏபிளே மைனஸ் எல் அடிச்சா கார்டும் தெரியுது, ஆனாலும் மௌனம்னா ஆல்சாமிக்ஸரைத் திறங்க. திறந்ததும் வர்றது பல்ஸ்ஆடியோவோட ஒரே ஒரு வால்யூம் பட்டைதான், எஃப்6 அமுக்கி நிஜ கார்டைத் தேர்ந்தெடுக்கணும், இதைப் பண்ணாம 'எல்லாம் ஃபுல்லாத்தான் இருக்கு'ன்னு சொல்றவங்க அதிகம். பட்டைக்குக் கீழ எம்எம்னு இருந்தா மியூட், எம் கீயை அமுக்கினா ஓஓ ஆகும். ஆட்டோ-மியூட் மோடுன்னு ஒண்ணு இருக்கும், ஹெட்போன் சொருகாமலே சொருகின மாதிரி நெனச்சுட்டு ஸ்பீக்கரை அடைச்சு வெச்சிருக்கும், அதை டிசேபிள் பண்ணிப் பாருங்க. ஏபிளே லிஸ்ட்ல ஹெச்டிஎம்ஐ மட்டும் மூணு நாலு வரி வந்து, அனலாக்னு ஒண்ணுமே இல்லைன்னா கன்ட்ரோலர் எழுந்திருச்சு, கோடெக்தான் தூங்குதுன்னு அர்த்தம். ஏஎம்டி லேப்டாப்ல ஹெச்டிஎம்ஐ தனி கார்டு, அனலாக் தனி கார்டு, டீஃபால்ட் ஹெச்டிஎம்ஐக்குப் போய் உக்காந்திருக்கும், பாவுகண்ட்ரோல்ங்கிற சவுண்ட் கன்ட்ரோல் ஆப்ல கான்ஃபிகரேஷன் டேப்ல போய் ஹெச்டிஎம்ஐயை ஆஃப் பண்ணினா சரி.

ஹெட்போன்ல அருமையா வருது, ஸ்பீக்கர்ல மட்டும் இல்ல, இல்லைனா தகர டப்பாக்குள்ள இருந்து வர்ற மாதிரி கீச்சுன்னு வருதுன்னா, அது இன்னொரு வகை. இப்ப வர்ற மெலிசான லேப்டாப் பலதுல கோடெக்குக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல ஸ்மார்ட் ஆம்ப்னு ஒரு சிப் இருக்கு, சிர்ரஸ் சிஎஸ்35எல்41, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் டிஏஎஸ்2781 மாதிரி. அது ஹெச்டிஏ பஸ்லயே இல்ல, ஐ2சி இல்லைனா எஸ்பிஐ-ங்கிற வேற இணைப்புல தனியா இருக்கும், அதை யாராவது தனியா எழுப்பி ஃபர்ம்வேர் கொடுத்தாத்தான் வாயைத் திறக்கும். சிர்ரஸுக்கான ஆதரவு ஹெச்டிஏ பக்கம் கர்னல் 5.17-ல வந்தது, டிஏஎஸ்2781-க்கு 6.6-ல. அதனால 5.15 வெச்சுக்கிட்டு மிக்ஸரை எவ்ளோ ஏத்தினாலும் பலன் இல்ல. இதுக்கு ஹெச்டிஏ-வெர்ப் ஸ்க்ரிப்ட்னு நம்பர் நம்பரா அனுப்புற ஃபைல்களை ஆளுக்கு ஆள் பகிர்ந்துக்குவாங்க, வேற மாடலுக்கு எழுதினதை உங்க மெஷின்ல ஓட்டாதீங்க, ஸ்பீக்கர் சூடாகாம பாத்துக்கிற வேலையும் அந்த ஆம்ப்போடதுதான், அதுக்குத் தப்பான மதிப்பைக் கொடுத்து ஸ்பீக்கரைக் காவு கொடுக்க வேண்டாம்.

ஏஎம்டி பக்கம் பொதுவா ஸ்பீக்கர் வந்துடும், மைக்தான் அழ வைக்கும். டிஜிட்டல் மைக் ஏசிபிங்கிற துணை பிராசஸர்ல இருக்கு, ரைசன் 6000 வரிசையில இருந்து எந்தெந்த லேப்டாப்ல மைக் அப்படி இருக்குன்னு கர்னலுக்குள்ள மாடல் பேரு பேரா ஒரு லிஸ்ட் வெச்சிருக்காங்க, டிஎம்ஐ குவர்க்னு சொல்வாங்க. உங்க மாடல் அந்த லிஸ்ட்ல இல்லைன்னா மைக் இருந்தும் இல்ல. ஒவ்வொரு கர்னல் வெளியீட்டுலயும் சில மாடல் சேர்ந்துட்டே இருக்கும். ரியல்டெக் கோடெக் பக்கமும் இதே கதைதான், கோடெக்கோட எந்தக் கால் (பின்) எதுக்குன்னு பயாஸ் ஒழுங்கா விவரம் கொடுக்காத லேப்டாப்புக்கெல்லாம் தனித்தனி வரி, அந்த லிஸ்ட் படிச்சு மாளாது.

விண்டோஸும் கூட வெச்சிருக்கீங்கன்னா ஒண்ணு சொல்லணும். விண்டோஸ்ல இருந்து ரீஸ்டார்ட் குடுத்து லினக்ஸுக்கு வந்தா சத்தம் இல்ல, முழுசா ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா இருக்குன்னா, விண்டோஸ் டிரைவர் கோடெக்கை ஒரு நிலையில விட்டுட்டுப் போயிருக்கு, லினக்ஸால அதை மீட்டெடுக்க முடியல. விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை ஆஃப் பண்ணுங்க, முழு ஷட்டவுன் பண்ணிட்டு லினக்ஸுக்கு வாங்க.

இப்ப கர்னலை எப்படி ஏத்துறதுன்னா, உபுண்டுல அதுக்குன்னே ஹெச்டபிள்யூஇ (ஹார்டுவேர் எனேபிள்மென்ட்) கர்னல் இருக்கு, 20.04-க்கு அது 5.15, லினக்ஸ்-ஜெனரிக்-ஹெச்டபிள்யூஇ-20.04-ன்னு ஆப்ட்ல போட்டா வந்துடும். உங்க சிப் 5.15-க்குத் தெரியும், வைஃபையும் பிரைட்னஸும் கூடவே எழுந்திரிக்க நல்ல வாய்ப்பு இருக்கு. ஆனா ஒண்ணு, 20.04-க்கு இலவச வழக்கமான ஆதரவு 2025 மே மாசத்தோட முடிஞ்சு போச்சு. முடிஞ்சு போன வீட்டுக்கு வெள்ளையடிக்கிற வேலை அது. 24.04 போடுங்கன்னுதான் சொல்வேன், ஆரம்பமே 6.8 கர்னல், வழக்கமான ஆதரவு 2029 வரைக்கும். ஏதோ ஒரு சாஃப்ட்வேருக்காக 20.04 கட்டாயம்னா அதை கன்டெய்னர்லயோ விர்ச்சுவல் மெஷின்லயோ வெச்சுக்குங்க, இரும்பைப் புது கர்னல்கிட்ட விட்டுடுங்க. மெயின்லைன் கர்னலை (உபுண்டு மாத்தம் எதுவும் சேராத மூல கர்னல்) கையால இறக்கிப் போடறது எனக்கு அவ்ளோ உவப்பில்ல, அதுல டிஜிட்டல் கையெழுத்து இருக்காது, செக்யூர் பூட் ஆன்ல இருந்தா பூட்டே ஆகாது, அதை ஆஃப் பண்ணப் போய் இன்னொரு கதை ஆரம்பிக்கும். ரெட் ஹேட் வகையறா வெச்சிருக்கவங்களுக்கு ஒரு குறிப்பு: அங்க கர்னல் நம்பரைப் பாத்து ஏமாறாதீங்க, 4.18-ன்னோ 5.14-ன்னோ காட்டும், ஆனா புது டிரைவர்களைப் பின்னாடி வந்த கர்னல்கள்ல இருந்து எடுத்துச் சேர்த்துட்டே இருப்பாங்க, நம்பர் பழசு, உள்ளடக்கம் அவ்ளோ பழசு இல்ல.

புது லைவ் பென்டிரைவ்லயும் சத்தம் வரலைன்னா சொன்னேனே, அந்த நிலைமைக்கு ஆல்சா-இன்ஃபோன்னு ஒரு ஸ்க்ரிப்ட் இருக்கு, அதை அந்த லைவ் செஷன்லயே ஓட்டி வர்ற ஃபைலை எடுத்து வெச்சுக்குங்க, கோடெக், பின், கர்னல், மாட்யூல் எல்லா விவரமும் அதுல இருக்கும். கர்னல் ஆட்கள்கிட்ட பக் போட்டா முதல்ல கேக்குறதே அதைத்தான், உங்க மாடலுக்கு ஒரு குவர்க் வரி சேர்க்குறது பல சமயம் சின்ன வேலை, தகவல் இல்லாமத்தான் கிடப்புல கிடக்கும். அதுக்கு முன்னாடி பயாஸ் செட்டப்ல போய் ஆடியோ டிசேபிள்னு இருக்கான்னு ஒரு பார்வை பாத்துடுங்க, சிரிக்காதீங்க, இருந்திருக்கு.

நீங்க பண்ண வேண்டியது, 24.04-ஐ லைவா பூட் பண்ணி ஸ்பீக்கர்-டெஸ்ட் மைனஸ் சி2 ஓட்டி ரெண்டு பக்கமும் இரைச்சல் மாறி மாறி வருதான்னு கேளுங்க, அப்புறம் ஏரெக்கார்டு போட்டு அஞ்சு செகண்ட் பேசித் திரும்பப் போட்டுக் கேளுங்க, மைக்கை மட்டும் எல்லாரும் மறந்துடறாங்க. ரெண்டும் ஓகேன்னா அப்படியே இன்ஸ்டால் பட்டனை அமுக்கலாம். ஏதாவது ஒண்ணு வரலைன்னா அந்த லைவ் செஷன்ல இருந்தே எல்எஸ்பிசிஐயோட ஆடியோ பகுதி, யூநேம், டிமெஸ்ஜில க்ரெப் பண்ணினது இந்த மூணையும் போட்டோ எடுக்காம டெக்ஸ்டா காப்பி பண்ணி அனுப்புங்க, போட்டோவுல கடைசி வரி எப்பவுமே மொபைல் நிழல்ல மறைஞ்சு போயிடுது.